படுக்கையறையில் ஓர் ஆராய்ச்சிச் சாலை

நீரிழிவு முற்றிய ஒருவர், செருப்பைத் துளைத்து ஆணி ஏறியிருப்பதை அறியாமல் பகல் முழுதும் நடந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது குருதியைக் கண்டு திடுக்கிட்டார் என்னும் செய்தியைக் கேளாத குடும்பம் நம்மிடையே அரிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியரிடையே அந்நோய் மிகுந்திருப்பதால், தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் அத்தகைய காலை நாம் கண்ணாரக் கண்டே இருக்கிறோம். நோவைப் பழிக்காத மனிதர் இல்லை. ஆனால் நோவு போன காலுக்கு நேர்வதைப் பார்த்தவர்கள், அது வீட்டு வாயிலில் படுத்திருக்கும் நாயைப் போன்றதென்றும், குரைத்துத் தொல்லை செய்தாலும் அது இல்லாத வீடு கொள்ளை போகுமென்றும் அறிவார்கள்.

அந்த நோவைக் கொண்டுவரும் நரம்பு எவ்வாறு உண்டாகிறது? எதனால் அது உயிர் வாழ்கிறது? கால் பெருவிரலின் நுனியிலிருந்து செய்தி கொண்டுவரும் நரம்பணு, முதுகெலும்பின் அருகே ஒரு சிறு முடிச்சில் குடியிருக்கிறது. அங்கிருந்து மூன்றடிக்கு மேற்பட்ட நீளமுள்ள இழையொன்று, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூலாக, விரல்வரை ஓடுகிறது. கருவில் உடல் உருவாகும்போது இந்த இழைகள் வழி கேட்டு வழி கேட்டுத் தோலை அடைகின்றன. அடைந்த இழைகளுக்குத் தோலே ஒருவகைப் புரதத்தைச் சுரந்து கொடுக்கின்றது. இழை அதனைப் பற்றி, மேலே தன் உயிரணுவுக்கு அனுப்புகிறது. செய்தி வந்து சேர்ந்த அணு பிழைக்கிறது. வாராத அணு மடிகிறது. தேவைக்கு மேற்பட்ட நரம்பணுக்களை முதலில் உண்டாக்கிப் பின் இவ்வாறு வேண்டியவற்றை மட்டும் நிறுத்திக்கொள்வது இயற்கையின் வழக்கம்.

இந்தப் புரதத்துக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். ஓர் உயிரணு இன்னோர் உயிரணுவுக்குச் செய்தி அனுப்பும் பொருள்கள் பலவற்றுள், வளர்ச்சியை ஏவுவனவற்றில் முதன்முதல் பிடிபட்டது இதுவே. இதனைக் கண்டுபிடித்த ஆராய்ச்சி, சட்டத்தினால் சர்வகலாசாலையிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண்மணியின் படுக்கையறையில் தொடங்கிற்று. ஆதலின் அதன் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்லக் கருதுகிறோம்.

இத்தாலி நாட்டின் வடபால் டூரின் என்னும் நகரில், 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், ஆதாமோ லெவி என்னும் யூத எஞ்சினீயருக்கு இரட்டைப் பெண்மக்கள் பிறந்தனர். ஒருவர் பாவோலா, அவர் பின்னாளில் ஓவியராகப் புகழ் பெற்றார். மற்றவரே ரீட்டா லெவி மொண்டால்சினி. தந்தையார் படித்தவர், பண்புடையவர், மக்கள்மீது அன்புடையவர். ஆயினும் பெண்கள் சர்வகலாசாலைக்குச் சென்றால் மனைவியாகவும் தாயாகவும் ஆற்ற வேண்டிய கடமைகள் கெட்டுவிடும் என்பது அவர் துணிபு. எனவே தம் புதல்வியர் மூவரையும் உயர்தரக் கல்விக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். இந்தப் பேச்சை நம் தாத்தாக்கள் வாயிலும் கேட்டிருக்கிறோமே என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஐரோப்பாவில் பிறந்த வெள்ளையர் ஆனமையால் வேறுவிதமாய்ப் பேசிவிடவில்லை.

ரீட்டாவுக்கு ஏறக்குறைய இருபது வயதானபோது, அக்குடும்பத்தில் பிள்ளைகளை வளர்த்த செவிலித்தாய் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அப்போதுதான் வைத்தியம் பயில்வதென்று அப்பெண் உறுதி கொண்டார். தந்தையிடம் சென்று கேட்டார். தந்தை மனம் ஒப்பாமலே இணங்கினார். பெண்களுக்கான பள்ளியில் அதுவரை கற்பிக்கப்படாத இலத்தீன், கிரேக்கம், கணக்கு ஆகியவற்றை எட்டே மாதங்களில் படித்துத் தேறி, 1930-இல் டூரின் வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். 1932-இல் தந்தை காலமானார். மகள் 1936-இல் முதன்மைச் சிறப்புடன் பட்டம் பெற்றதை அவர் காணவில்லை.

அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் ஜுஸெப்பே லெவி என்பவர். உறவினர் அல்லர், நம்மில் முனியாண்டி, இராமசாமி என்பதுபோல் யூதரிடையே லெவி என்பது பரவலான பெயர். உடலின் இழைகளை நுண்காட்டியின்கீழ் ஆராய்வதில் வல்லவர், கோபத்துக்கும் பேர்பெற்றவர். அவரிடம் ஒரே காலத்தில் பயின்ற மாணவர் மூவர். சால்வடோர் லூரியா 1969-இலும், ரெனாட்டோ டுல்பெக்கோ 1975-இலும், ரீட்டா 1986-இலும் நோபெல் பரிசு பெற்றனர்.

1938-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முசோலினி அரசாங்கத்தின் ஆதரவில் இனக் கொள்கை அறிக்கையொன்று வெளியாயிற்று. அதன்கீழ்க் கையெழுத்திட்டவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், பத்து விஞ்ஞானிகள். மனித இனங்களில் வேறுபாடு இரத்தத்தில் உண்டென்றும், யூதர் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர் அல்லரென்றும் அவர்கள் எழுதிக் கொடுத்தனர். அந்நாட்டில் யூதர் ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவரே. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் சட்டங்கள் வந்தன. யூத மாணவர் பள்ளிகளிலிருந்தும், யூத ஆசிரியர் கலாசாலைகளிலிருந்தும் நீக்கப்பட்டனர். ஜுஸெப்பே லெவியும் வேலையிழந்தார். அவர் மாணவியும் வேலையிழந்தார். பிறப்பினாலே ஒருவன் தாழ்ந்தவன் என்று சொல்லும் பொய்க்கு வேதம் துணை நின்றதை நாம் அறிவோம். அங்கே அதே பொய்க்கு விஞ்ஞானத்தின் பெயரால் துணை நின்றார்கள். படித்தவன் செய்யும் தீமை பாமரன் செய்யும் தீமையினும் கொடியது என்பதற்கு இந்தப் பத்துக் கையெழுத்துகளே போதும்.

1939-இல் ரீட்டா பெல்ஜியம் சென்று பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு நரம்பு ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தார். ஜெர்மானியர் அந்நாட்டின்மீது படையெடுக்குமுன் டூரினுக்குத் திரும்பிவிட்டார். இனி என்ன செய்வது? சட்டம் யூதர் வைத்தியத் தொழில் செய்யவும் தடை போட்டிருந்தது. அக்காலத்தில் ஒருநாள், ரயில் பிரயாணத்தில், விக்டர் ஹாம்பர்கர் என்பவர் 1934-இல் எழுதியிருந்த கட்டுரையொன்றைப் படித்தார். ஹாம்பர்கரும் யூதரே. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காகத் தங்கியிருந்தபோது, 1933-இல் நாஜி அரசாங்கம் அவர் உத்தியோகத்தைப் பறித்ததனால் அங்கேயே நின்றுவிட்டவர். கோழிக்கருவில் சிறகு முளைக்கும் இடத்தை வெட்டி நீக்கினால், அச்சிறகுக்குச் செல்லவேண்டிய நரம்பணுக்கள் குறைந்துபோகின்றன என்று அவர் காட்டியிருந்தார். சிறகிலிருந்து வரவேண்டிய ஏதோ ஒரு தூண்டுதல் இல்லாமையால் நரம்பணுக்கள் உருவாகவே இல்லை என்பது அவர் கொண்ட விளக்கம்.

இந்த ஆராய்ச்சியை வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று ரீட்டாவுக்குத் தோன்றிற்று. வேண்டியது கோழிமுட்டைதானே! தம் படுக்கையறையில் ஒரு மேசையும், முட்டைகளை வெதுவெதுப்பாய் வைக்க ஒரு பெட்டியும், நுண்காட்டியொன்றும் அமைத்தார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கிக்கொண்டார். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் இடுக்கியும், கண் வைத்தியரின் சிறு கத்தரியும் மற்றக் கருவிகள். வேலையிழந்து பெல்ஜியத்தில் இருந்த ஆசிரியர் ஜுஸெப்பே லெவி, அங்கும் ஜெர்மானியர் புகவே தப்பி வந்து, இந்த அறையில் தம் மாணவிக்கு உதவியாளராய் அமர்ந்தார். குரு சிஷ்யையின் உதவியாளராவது எந்த நாட்டிலும் அடிக்கடி காணக்கூடிய காட்சியன்று.

கருவின் சிறகு முளையை ஊசியால் வெட்டிவிட்டு, முட்டையை மீண்டும் வெதுப்பில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒரு கருவாக எடுத்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, வெள்ளியுப்பினால் சாயமேற்றி, நரம்பணுக்களை ஒவ்வொன்றாய் எண்ணினார்கள். ஹாம்பர்கர் முடிவை மட்டும் பார்த்திருந்தார். இவர்கள் நடுவில் நடந்ததைப் பார்த்தார்கள். சிறகு இல்லாத பக்கத்திலும் நரம்பணுக்கள் முதலில் வழக்கம்போல் தோன்றின. இழைகளை நீட்டின. வெட்டப்பட்ட இடம்வரை சென்றன. அதன்பின்னரே மடிந்தன. ஆகவே அவை பிறவாமற் போகவில்லை. பிறந்து, தேடிச் சென்று, கிடைக்கவேண்டியது கிடைக்காமல் இறந்தன. வேற்றுமை சிறிதெனத் தோன்றலாம். அதன் பொருளோ பெரிது: சென்று சேரும் இடத்தில் நரம்பை வாழ்விக்கும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். யூதர் எழுதியதை இத்தாலியப் பத்திரிகைகள் வெளியிடா. ஆகையால் இந்தக் கட்டுரை 1942-இல் பெல்ஜிய நாட்டுப் பத்திரிகையொன்றில் பிரெஞ்சு மொழியில் வெளியாயிற்று.

நேச நாட்டு விமானங்கள் டூரின்மீது குண்டு பொழியத் தொடங்கவே, குடும்பம் நாட்டுப்புறத்திலுள்ள ஒரு சிறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆராய்ச்சிச் சாலையும் உடன் பெயர்ந்தது. முட்டை கிடைப்பது அரிதான காலம். ரீட்டா மிதிவண்டியில் குடியானவர் வீடுகளுக்குச் சென்று, சேவலோடு கூடிய கோழியின் முட்டையே தம் பிள்ளைகளுக்கு நல்லதென்று சொல்லி வாங்கிவருவார். அவருக்குப் பிள்ளைகள் ஏது? கரு எடுத்தபின் எஞ்சியது அடுப்புக்குப் போகும். 1943-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்துக்கொண்டபோது அதுவும் முடிந்தது. குடும்பத்தார் தெற்கே ஓடி, பிளாரன்ஸ் நகரில் பொய்ப் பெயர்களோடு ஒளிந்து வாழ்ந்தனர். 1944-இல் அந்நகர் விடுதலையான பின், அகதிகள் முகாமில் ரீட்டா வைத்தியராய்ப் பணியாற்றினார். தொற்றுநோய்களால் நாள்தோறும் மக்கள் மடிந்துகொண்டிருந்த இடம் அது. அதன்பின் நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியத் தொழிலை அவர் மேற்கொள்ளவில்லை.

இங்கே ஒன்று சொல்லாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர், துன்பமே அம்மையாரை உயர்த்திற்று, தடையே அவருக்குப் படியாயிற்று என்று பூரித்து எழுதுகின்றனர். பிழைத்தவரை மட்டும் வைத்துக் கணக்கெழுதினால் அப்படித்தான் தோன்றும். அதே டூரின் நகரில், அதே சர்வகலாசாலையில், பிரைமோ லெவி என்னும் இளைஞர் இரசாயனம் பயின்று 1941-இல் தேறினார். அவர் பட்டப் பத்திரத்திலேயே யூத இனத்தவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1943 டிசம்பரில் அவர் பிடிபட்டார். 1944 பிப்ரவரியில் அவரை ஏற்றிச் சென்ற ரயிலில் ஏறத்தாழ 650 பேர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தோர் இருபது பேரளவே. எஞ்சியோரில் எத்தனை ரீட்டாக்கள் இருந்தனரென்று யார் எண்ணுவார்? ரீட்டாவுக்குப் படித்த தந்தையின் வீடும், மேசையும், நுண்காட்டியும், துணைநின்ற ஆசிரியரும், ஒளிந்துகொள்ளப் பிளாரன்ஸில் ஓர் இடமும் இருந்தன. இவை இல்லாதவர்களுக்குத் தடை தடையாகவே முடிந்தது.

போர் முடிந்தபின், பெல்ஜியப் பத்திரிகையில் வெளியான கட்டுரையைப் படித்த ஹாம்பர்கர், தம் கருத்தை மறுத்தவர் என்று சினங்கொள்ளாமல், தம்மிடம் வந்து சேர்ந்து ஆராயும்படி 1946-இல் அழைப்பு விடுத்தார். 1947-இல் ரீட்டா அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலைக்குச் சென்றார். ஒரு பருவம் தங்குவதாக ஏற்பாடு. தங்கியது முப்பது ஆண்டுகள். இருவரும் கருக்களை மீண்டும் ஆராய்ந்தனர். படுக்கையறையில் கண்ட முடிவே சரியென்று நிலைநின்றது.

அச்சமயம் ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் பியூக்கர் என்பவர், சுண்டெலியின் புற்றுக்கட்டியொன்றைக் கோழிக்கருவில் ஒட்டவைத்து, 1948-இல் ஒரு புதுமையை வெளியிட்டார். கட்டிக்குள் நரம்புகள் புகுந்து, அப்பக்கத்து நரம்பு முடிச்சுகளும் பருத்துவிட்டன. கட்டி பெரிதாகையால் நரம்பும் பெரிதாயிற்றென்று அவர் கருதினார். ரீட்டா அதே சோதனையைச் செய்தபோது, பார்த்தது அவரை உறங்கவிடவில்லை. நரம்பிழைகள் வெறிகொண்டவைபோல் வளர்ந்து, கட்டியை நிரப்பி, போகத்தகாத இடங்களுக்கும் சென்று, இரத்தக் குழாய்களுக்குள்ளேயும் நுழைந்திருந்தன. அடுத்து, கட்டியைக் கருவின்மேல் வையாமல், முட்டைக்குள் கருவுக்குப் புறம்பேயுள்ள சவ்வின்மேல் வைத்தார். கருவுக்கும் கட்டிக்கும் இடையே இரத்த ஓட்டம் தவிர வேறு தொடர்பில்லை. அப்போதும் நரம்புகள் பெருகின. ஆகவே கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைந்து இரத்தத்தோடு போகின்றது என்பது தெளிவாயிற்று.

அப்பொருளைப் பிடிக்க விரைவான சோதனையொன்று வேண்டும். உடலுக்கு வெளியே கண்ணாடித் தட்டில் இழைகளை வளர்க்கும் கலையில் தேர்ந்த ஹெர்த்தா மேயர் என்னும் பெண்மணி அப்போது பிரேஸில் நாட்டில் ரியோ டி ஜனீரோ நகரில் இருந்தார். அவரும் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு டூரினுக்கு வந்து, ஜுஸெப்பே லெவியிடம் வேலை செய்து, பின் கடல் கடந்தவர். 1952-இல் ரீட்டா, கட்டி ஒட்டிய சுண்டெலிகள் இரண்டைத் தம்முடனேயே எடுத்துக்கொண்டு விமானத்தில் ரியோவுக்குச் சென்றார். கண்ணாடித் தட்டில் கோழிக்கருவின் நரம்பு முடிச்சொன்றை வைத்து, அதனருகே கட்டியின் துணுக்கொன்றை வைத்தார். ஒருநாட் பொழுதுக்குள் முடிச்சைச் சுற்றிலும் நரம்பிழைகள் சூரியனின் கதிர்கள்போல் வட்டமாய் விரிந்து நின்றன. இந்த ஒளிவட்டமே பின்பு எல்லோருக்கும் அளவுகோலாயிற்று. ஆயினும் அவருக்கு அங்கே ஒரு மனச்சோர்வும் நேர்ந்தது. நோயற்ற சுண்டெலியின் சதையை வைத்தபோதும் சிறிதளவு இழைகள் வளர்ந்தன. கட்டிக்கே உரிய பொருளென்று நம்பியிருந்தவருக்கு அது பேரிடி. அந்த இடிக்குள்தான் உண்மை இருந்தது என்பது சில ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

1953-இல் ஸ்டான்லி கோஹன் என்னும் இரசாயன அறிஞர் இந்த ஆராய்ச்சியில் வந்து சேர்ந்தார். நியூயார்க்கில் புரூக்லின் பகுதியில், ருஷியாவிலிருந்து குடியேறிய ஒரு தையற்காரருக்குப் பிறந்தவர். குழந்தையில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு காலில் ஊனம் அடைந்தவர். கட்டியில் உள்ள அப்பொருள் புரதமா, உட்கரு அமிலமா என்பது அவர் முன் நின்ற கேள்வி. அமிலத்தைச் சிதைக்கும் நொதி பாம்பு நஞ்சில் உண்டு. அதைச் சிறிது சேர்த்துப் பார் என்று ஆர்தர் கார்ன்பெர்க் யோசனை சொன்னார். சேர்த்தார்கள். அப்பொருளின் செயல் குறைகிறதா என்று பார்த்தவர்களுக்குப் பன்மடங்கு மிகுந்து நின்ற ஒளிவட்டமே தென்பட்டது. நஞ்சை மட்டும் தனியே இட்டுப் பார்த்தார்கள். அப்போதும் வட்டம் விரிந்தது. தேடிய பொருள் கட்டியைக் காட்டிலும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையோடு பாம்பின் நஞ்சிலேயே இருந்தது!

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். கோஹன் விடவில்லை. நஞ்சுப் பை என்பது யாது? பாம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியே அவ்வாறு மாறியமைந்தது. அங்ஙனமாயின் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் என்ன இருக்கும்? பார்த்தார், ஆண் சுண்டெலியின் தாடைக்கீழ்ச் சுரப்பியில் அப்பொருள் குவிந்து கிடந்தது. நோயற்ற சுண்டெலியும் அதை உடையதே; ரியோவில் நேர்ந்த குழப்பம் இவ்வாறு தெளிந்தது. பின்னர் அப்பொருளுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஊசி வழியாய்ச் செலுத்தினார்கள். இதயத் துடிப்பையும் இரத்தக் குழாய்களையும் நடத்தும் பரிவு நரம்புகளின் அணுக்கள் ஏறக்குறைய முழுதும் அழிந்துபோயின. இது வெறும் ஆய்வுச்சாலை வேடிக்கையன்று, உயிர் வாழ்வுக்கு வேண்டியதே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கோஹன் 1959-இல் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் சர்வகலாசாலைக்குப் பெயர்ந்தார். போகும்போது ஒரு விந்தையை மனத்தில் கொண்டு போனார். சுரப்பிச் சாற்றைச் செலுத்திய குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறந்தன; பல்லும் முன்பே முளைத்தது. நரம்புக்கும் இமைக்கும் என்ன தொடர்பு? தொடர்பில்லை, சாற்றில் வேறொரு பொருள் கலந்திருந்தது. அதுவே 1962-இல் அவர் வெளியிட்ட மேற்றோல் வளர்ச்சிக் காரணி. இன்று நுரையீரல், குடல் முதலிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்கள் சிலவற்றுக்குத் தரும் மருந்துகள், அந்தக் காரணியைப் பற்றும் ஏற்பியை அடைத்து வேலை செய்பவை. அது தனி வரலாறு; இங்கே விரிக்கப் புகவில்லை.

நரம்பு வளர்ச்சிக் காரணி 118 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்பதும், அவ்வாறான இரு சங்கிலிகள் இணைந்தே அது தொழிற்படுகிறது என்பதும் 1971-இல் தெரியவந்தது. அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது மேலும் இருபது ஆண்டுகள் மறைவாகவே இருந்தது. 1986-இல் குடற் புற்றுநோய் ஒன்றை ஆராய்ந்தவர்கள் டிரக் என்னும் ஒரு மரபுக்கூற்றைக் கண்டனர். 1991-இல் அதன் வழி உண்டாகும் புரதமே இக்காரணியின் ஏற்பி என்று நிலைநாட்டப்பட்டது. நரம்பிழையின் சுவரில் அது உள்ளும் புறமுமாக ஊடுருவி நிற்கிறது. காரணி வந்து புறத்தே பற்றியவுடன் ஏற்பிகள் இரண்டு நெருங்குகின்றன. உள்ளே ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் என்னும் முத்திரையைக் குத்துகிறது. அந்த முத்திரையைக் கண்டு அடுத்த புரதமும், அதைக் கண்டு அதற்கடுத்ததும் விழித்தெழுகின்றன. பற்றிய காரணியும் ஏற்பியும் ஒரு சிறு குமிழிக்குள் அடங்கி இழை வழியே மேலேறி அணுவைச் சேர்ந்து, மடியாதே என்னும் செய்தியைச் சொல்கின்றன. அந்த நரம்பணுக்கள் சிலவற்றுக்கு வேறோர் ஏற்பியும் உண்டு. பக்குவமடையாத காரணி அதனைப் பற்றினால் செய்தி தலைகீழாகி, அணு இறக்கும் என்று 2001-இல் காட்டினார்கள்.

இனி நோய்களைப் பார்ப்போம். 1996-இல் ஜப்பான் நாட்டில் இண்டோ என்பவரும் அவர் கூட்டத்தாரும், பிறவியிலேயே நோவு அறியாத குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களிடம் இந்த ஏற்பியின் மரபுக்கூறு பழுதுபட்டிருப்பதைக் கண்டனர். அக்குழந்தைகள் தம் நாவையும் விரலையும் தாமே கடித்துக்கொள்வர். எலும்பு முறிந்தாலும் அழார். வியர்வை சுரவாமையால் காய்ச்சல் மூண்டு சிலர் இளமையிலேயே இறப்பர். நோவில்லாப் பிறவியை வரமென்று பாடுவோர் அக்குழந்தையின் தாயைக் கேட்கட்டும். வட ஸ்வீடனில் ஒரு குடும்பத்தாரிடம் காரணியின் மரபுக்கூறே மாறியிருப்பது 2004-இல் வெளியாயிற்று. நோவு உணராமையால் அவர்களில் சிலருடைய மூட்டுகள் இளமையிலேயே தேய்ந்து சிதைந்தன.

மறுபுறமும் உண்டு. அழற்சி கண்ட இடத்தில் இக்காரணி மிகுதியாய்ச் சுரந்து, நரம்பு முனைகளைக் கூர்மையாக்கி, சிறு தொடுதலையும் பெருநோவாக்குகிறது. அப்படியாயின் காரணியை எதிர்ப்பொருளால் அடக்கினால் மூட்டுவாதக்காரரின் நோவு தீருமன்றோ? தனெசுமாப் என்னும் மருந்து இவ்வெண்ணத்தால் பிறந்தது. நோவு தணிந்தது உண்மை. ஆனால் சிலருடைய மூட்டுகள் விரைந்து அழிவதைக் கண்டு, 2010-இல் அமெரிக்க அதிகாரிகள் சோதனைகளை நிறுத்திவைத்தனர். பின் மீண்டும் தொடங்கி, 2021 மார்ச்சில் ஆலோசகர் குழுவின்முன் வந்தபோது, பத்தொன்பது பேர் எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் வாக்களித்தனர். மருந்து கைவிடப்பட்டது. ஸ்வீடன் குடும்பம் முன்கூட்டியே சொல்லியிருந்ததைக் கம்பெனிகள் பெரும் பொருள் செலவழித்துத் தெரிந்துகொண்டன என்று நமக்குத் தோன்றுகிறது.

நாம் தொடக்கத்தில் கூறிய நீரிழிவுக் காலுக்கு இக்காரணியே மருந்தாகாதா என்று நேயர்கள் கேட்பீர்கள். அறிஞர்களும் கேட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளை வைத்து நடத்திய பெருஞ் சோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பயன் இல்லை. ஊசி போட்ட இடத்தில் நோவு உண்டானதே மிச்சம். நோவின் நரம்பை வளர்க்கும் பொருள் நோவைத் தருவதில் வியப்பென்ன? மறதி நோய் கண்ட முதியவர் சிலருக்கு ஸ்வீடனில் 1990-களில் மூளையின் அறைக்குள்ளேயே இதைச் செலுத்திப் பார்த்தபோதும் முதுகுநோவு குறுக்கிட்டது. டிரக் மரபுக்கூறு மற்றொன்றோடு தவறாய் ஒட்டிக்கொண்டு விளையும் புற்றுநோய்களில் மட்டும் வெற்றி கிட்டியது. அந்த ஏற்பியை அடைக்கும் லரோடிரெக்டினிப் என்னும் மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்று உடலில் எங்குள்ளது என்று கேளாமல், அந்த ஒட்டுதல் உண்டா என்று மட்டும் கேட்டுக் கொடுக்கப்படும் மருந்து அது.

1986-ஆம் ஆண்டு நோபெல் பரிசு ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஹாம்பர்கர் பெயர் அதில் இல்லை. மூவருக்குமேல் கொடுப்பதில்லை என்பது விதி. இரண்டு பேரே இருந்தனர், மூன்றாம் இடம் வெறுமையாய்க் கிடந்தது. வேதியியல் வேலையில் அவருக்குப் பங்கில்லை என்பார் சிலர். அஃது உண்மையே. எனினும் கேள்வியை முதலில் எழுப்பியவரும், தம்மை மறுத்த ஓர் அகதிக்கு இடம் கொடுத்தவரும், சுண்டெலிக் கட்டி ஆராய்ச்சியில் உடன் நின்றவரும் அவர். நம் தீர்ப்பில் அந்த மூன்றாம் இடம் அவருடையது. அவர் 2001-இல் தம் நூறாம் வயதில் காலமானார்.

ரீட்டா அம்மையார் உரோமாபுரிக்குத் திரும்பி, அங்கும் ஆராய்ச்சிச் சாலை நடத்தினார். மணம் செய்துகொள்ளவில்லை. 1992-இல் சகோதரி பாவோலாவுடன் சேர்ந்து ஒரு நிதி நிறுவி, ஆப்பிரிக்கப் பெண்களின் கல்விக்கு உதவினார். 2001-இல் இத்தாலியக் குடியரசு அவரை ஆயுட்கால மேலவை உறுப்பினராக்கிற்று. நோபெல் பரிசு பெற்றோரில் நூறு வயது கண்டவர் அவரே முதல்வர். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், 103-ஆம் வயதில் மறைந்தார்.

நரம்பு வளர்ச்சிக் காரணி மருந்தாகவே பயன்படும் நோய் ஒன்று உண்டு. கருவிழிப் படலத்தின் நரம்பு அழிந்து, உணர்ச்சியற்றுப்போய், புண் ஆறாமல் பார்வை கெடுவது அது. நீரிழிவுக்காரரின் காலில் நிகழ்வது அங்கே கண்ணில் நிகழ்கிறது. இக்காரணியைத் துளித்துளியாய்க் கண்ணில் விட்டால் அநேகருக்குப் புண் ஆறுகிறது. இச்சொட்டு மருந்துக்கு ஐரோப்பாவில் 2017-இலும், அமெரிக்காவில் அடுத்த ஆண்டிலும் அனுமதி வழங்கினார்கள். அதனை ஆக்கி வெளியிட்டது இத்தாலியக் கம்பெனி ஒன்று. அப்போது அம்மையார் மறைந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.